புளிக்கவைத்த களிமண்

கீழே வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னது கிடையாது. பசறை ரோட்டின் வளைவுகளில் கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்கிற மாதா சுரூபங்கள் அத்தனையின் மீதும் இது சத்தியம். அவை போதாது என்பவர்களுக்காக எதிர்மேட்டு முனியாண்டி கோயில் சூலத்தின் மீதும் ஒரு முறை. குறைத்துச் சொன்னது மட்டும் இரண்டு இடங்களில் உண்டு. ஒரு பானை வெடித்த சத்தம் ஹல்துமுல்லை வரைக்கும் கேட்டது. அப்படியே எழுதினால் நம்ப மாட்டார்கள் என்பதால் பசறை வரைக்கும் என்று மாற்றியிருக்கிறது. இன்னோர் இடத்தில் பதினேழு நாளைப் பதினொரு நாளாக்கியிருக்கிறது. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நடந்த இடம் ஊத்துமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. நடத்தியவர் யேசுரத்தினம். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் அடுப்புக்காரராக இருந்தவர். கொழுந்து காய்கிற இயந்திரத்துக்கு விறகு தள்ளிச் சூடு கொடுக்கிற வேலை. தெர்மாமீட்டர் பழுதான நாட்களில் உள்ளங்கையை அடுப்புக் கதவுக்கு நேரே நீட்டி, கண்ணை மூடி, "இருநூத்திப் பத்து" என்பார். புதுத் தெர்மாமீட்டர் வந்து இருநூற்றொன்பது காட்டும். தெர்மாமீட்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற ஏழாம் நாள் அவருடைய போனில் ஒரு காணொளி தானாக வந்து நின்றது. ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் களிமண்ணில் கோப்பை வனைந்து, வைக்கோல் சாம்பலைக் கரைத்து மேலே பூசி, சூளையில் வைத்து எடுத்தார். கோப்பை மழை ஓய்ந்த மலை மாதிரி மின்னியது. யேசுரத்தினம் அதைப் பதினான்கு முறை பார்த்தார். பதினைந்தாம் முறை பார்க்க வேண்டிய நேரத்தில் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார். கூரை இருந்தது, சீமெந்துத் தரை இருந்தது, காற்று ஒரு பக்கமாக அடித்தது. சூளைக்கு இதைவிடத் தோதான இடம் ஊவா மாகாணத்திலேயே இல்லை. ஒரே ஒரு குறை, உள்ளே ரோஸி இருந்தாள்.

ரோஸி அவர் மனைவி செசிலியின் பசு. கொட்டகையும் செசிலியுடையதுதான். கொழுந்தெடுத்துவிட்டு வந்த பின்னேரங்களில் ஆற்றிலிருந்து கல் சுமந்து அவளே கட்டியது. கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அது சூளையாக மாறியது. செசிலி திரும்பி வந்து, முக்காட்டை எடுக்காமலே கொட்டகை வாசலில் நின்றாள்.

"ரோஸி எங்க?"

"பலாமரத்தடியில. மேல படங்கு கட்டியிருக்கேன். காத்தோட்டமா இருக்கு அதுக்கு."

"உள்ள என்னா செங்கல்லு?"

"சூள."

"யாரு கேட்டா?"

யேசுரத்தினம் போனை நீட்டினார். செசிலி காணொளியை முதலிலிருந்து கடைசி வரைக்கும் பொறுமையாகப் பார்த்தாள். "இந்த ஆளு வீட்டுல மாடு இல்ல போல" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலாமரத்தடிக்குப் போய் ரோஸியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இது எட்டு மாசம். கன்னு போடுற அன்னிக்குக் கொட்டகை எனக்கு வேணும். அதுக்குள்ள தண்ணி ஒழுகாம நிக்கிற கோப்ப ஒண்ணு செய்ங்க. ஒண்ணே ஒண்ணு போதும். அதுல நானே தேத்தண்ணி குடிச்சுப் பாக்குறேன். ஒழுகலேன்னா யோசிக்கலாம். ஒழுகுச்சுன்னா இந்தச் செங்கல்லப் பிரிச்சு ரோஸிக்குத் தொட்டி கட்டிருவேன்."

"எத்தன நாள் இருக்கு?"

"ரோஸியக் கேளுங்க."

அன்றிலிருந்து யேசுரத்தினம் காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்த்தது களிமண்ணை அல்ல, ரோஸியின் வயிற்றை.

முதல் பானைக்கு அவர் எதையும் கலக்கவில்லை. ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஓடுகிற ஓடையில் வெட்டிய சுத்தமான களிமண், அவ்வளவுதான். சூடேற்றிய இரண்டாவது மணி நேரத்தில் அது வெடித்தது. பசறை பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் சத்தம் கேட்டு இறங்கி ஆறு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஏழாவதையும் தேடினாராம்.

ஏன் வெடித்தது என்று யேசுரத்தினம் இரண்டு நாள் யோசித்தார். யோசனை அடுக்களையில் போய் முடிந்தது. செசிலி ரொட்டி சுடுகிறாள். மாவும் மண்ணும் ஒரே மாதிரிப் பிசைகிற சாமான்தான். சூட்டுக்கல்லில் ரொட்டி வெடிப்பதில்லை. காரணம், செசிலி அதில் தேங்காய்ப்பூ போடுகிறாள். காரணம் தெரிந்த பிறகு தாமதிப்பதில் அர்த்தமில்லை. மூன்று தேங்காயைத் துருவி மண்ணில் போட்டுப் பிசைந்து ஆறு கோப்பை வனைந்தார். ஆறும் வெடிக்காமல் வெந்தன. பொன்னிறம். அதைவிட, வாசம். ஆறட்டும் என்று கொட்டகைச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டு வெந்நீர் எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் மேல் லயத்து வீடுகளின் நாய்கள் ஆறும் வந்து, ஆளுக்கொன்றாகத் தின்று முடித்திருந்தன. கடைசி நாய் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

"உப்பு சரியா இருந்துச்சா?" என்று செசிலி வாசலிலிருந்து கேட்டாள். அவள் நாயைத்தான் கேட்டாள்.

அடுத்த யோசனை காணொளியிலிருந்தே வந்தது. இன்னொரு நாட்டுக்காரர், பழைய காலத்தில் களிமண்ணில் தயிர் விட்டு ஊறவைப்பார்கள், மண் வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுக்கும் என்றார். யேசுரத்தினம் உடனே தாஸிமைக் கூப்பிட்டார். தாஸிம் பசறையில் ஓட்டோ ஓட்டுகிறவன். எங்கே போகச் சொன்னாலும் போவான், ஏன் என்று மட்டும் கேட்டுக்கொண்டே போவான்.

"மொனராகலைக்குப் போய் அஞ்சு சட்டி எருமத்தயிர் வாங்கிட்டு வா."

"அஞ்சு சட்டியா? என்னண்ணே, வீட்டுல விசேசமா?"

"மண்ணுக்கு."

"மண்ணுக்கு என்னா விசேசம்?"

தயிர் வந்தது. மலையிறங்கி மலையேறி, அத்தனை வளைவிலும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், ஐந்து மண்சட்டிகளில் வந்தது. யேசுரத்தினம் தயிரை வழித்துக் களிமண்ணில் கொட்டிவிட்டு, வெறும் சட்டிகளை வாழையடியில் எறிந்தார். செசிலி அதில் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். ணங்கென்றது.

"என்னாங்க. இது ஒழுகலையே."

"அது வேற மண்ணு."

"இதுலயே தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன்."

யேசுரத்தினம் வாழையடியில் கிடந்த மற்றச் சட்டிகளை ஒருமுறை பார்த்தார். ஆனால் முப்பத்திரண்டு வருடம் அடுப்புக்கு முன்னால் நின்ற ஆளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. "மத்தவன் செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். செசிலி சட்டியைக் கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். இன்றைக்கும் அந்தச் சட்டி அங்கே இருக்கிறது என்கிறார்கள்.

தயிர் மண் உண்மையாகவே வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுத்தது. அந்த மண்ணில் வனைந்த கோப்பைகளை யேசுரத்தினம் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது ஒவ்வொன்றின் மேலும் விரல் கனத்துக்கு ஆடை படிந்திருந்தது. அதை வழித்துவிட்டுச் சூளையில் வைத்தார். அவை வெடிக்கவில்லை, திரிந்தன. மண் கட்டி கட்டியாக ஒரு பக்கம், தண்ணீர் தெளிவாக இன்னொரு பக்கம். ரோஸி பலாமரத்தடியிலிருந்து மூக்கை நீட்டி ஒருமுறை முகர்ந்துவிட்டு, அவமானப்பட்டதுபோல மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

பிறகு உப்பு. சூளை நன்றாகச் சூடேறி நிற்கும்போது ஒரு கைப்பிடி உப்பை உள்ளே எறிந்தால் அது புகையாகிப் பானையின் மேல் கண்ணாடியாகப் படியும். இது படித்தவர்களும் ஒத்துக்கொள்கிற விஷயம். யேசுரத்தினம் ஒரு கைப்பிடி எறிந்தார். கண்ணாடி படிந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு கைப்பிடி. பிறகு மூட்டையையே தூக்கி உள்ளே சாய்த்தார். வெள்ளைப் புகை எழுந்து, காற்றில்லாத நாளானதால் மேலே போகாமல், ஏழாம் நம்பர் மலை மீது போர்வை மாதிரி விரிந்து படுத்துக்கொண்டது.

அடை மழைக் காலத்தில் ஏழாம் நம்பர் மலையின் அட்டைகள் பேர் போனவை. அந்த அட்டைகள் உப்பைப் பொறுக்குமா? பின்னேரம் நாலு மணிக்கு அவை கிளம்பின. பெரியது முன்னால், சிறியது பின்னால், குட்டிகளை நடுவில் விட்டு, வரிசை கலையாமல் ரோட்டைக் கடந்து அடுத்த தோட்டத்துக்குப் போயின. தாஸிம் ஓட்டோவை நிறுத்தி ஹோர்ன் அடிக்காமல் இருபது நிமிடம் காத்திருந்தான். சவாரி வந்த ஆள் இறங்கி நடந்தே போய்விட்டார். பதினொரு நாளைக்கு ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சோப்புப் பூசவில்லை. வேலையாட்கள் கூடுகிற காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கங்காணி, யேசுரத்தினம் அண்ணனுக்கு ஒரு மாலை போட்டால் என்ன என்று கேட்டதாகவும் சொல்கிறார்கள். அது மட்டும் கேள்விப்பட்டது, அதனால் உறுதியாக எழுத முடியாது.

சூளைக்குள்ளே இருந்த எட்டுக் கோப்பையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டிருந்தன.

"மல முழுக்க மருந்தடிச்சிட்டீங்க. நல்ல காரியம்" என்றாள் செசிலி. யேசுரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். அவள் முடிக்கவில்லை. "கோப்ப எங்க?"

ரோஸியின் வயிறு இறங்கிவிட்டது. மடி கனத்திருந்தது. மாடு தெரிந்தவர்கள் ஒரு வாரம் என்றார்கள். யேசுரத்தினம் சூளைக்கு முன்னால் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பாமல், ஒரு முழுப் பகலும் யோசித்தார். பின்னேரம் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. ஊதி முடிப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது.

பச்சைக் கொழுந்தைப் பறித்த கையோடு யாராவது அடுப்பில் போடுவார்களா? முதலில் அதை வாட்ட வேண்டும். பிறகு உருட்ட வேண்டும். பிறகு பரப்பிப் புளிக்கவைக்க வேண்டும். அதன் பிறகுதான் அடுப்பு. இந்த மூன்று வேலையும் தன் கைக்கு வருவதற்கு முன்னால் மற்றவர்கள் செய்ததால், முப்பத்திரண்டு வருடமாக அவர் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. தனக்கு வருகிற எதுவும் அடுப்புக்குத் தயாராகத்தான் வரும் என்று நம்பிப் பழகிய மனிதர், களிமண்ணையும் அப்படியே நம்பிவிட்டார். மண்ணில் தப்பில்லை. அது வாடாத மண். உருளாத மண். புளிக்காத மண்.

மறுநாள் காலை ஓடையிலிருந்து புது மண் எடுத்து, கம்பிவலை மேல் சாக்கு விரித்து, அதில் மெல்லியதாகப் பரப்பிக் காற்றில் வாட்டினார். மத்தியானம் அதைப் பலகை மேல் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்து உருட்டினார். உருட்டும்போது மண் முறுக்கிக்கொண்டு இழை இழையாக வந்தது. அதில், சல்லடைக்குக் கீழே விழுந்து எதற்கும் ஆகாமல் போகிற தேயிலைத் தூசு இரண்டு வாளி கலந்தார். பிறகு சீமெந்துத் தரையில் பரப்பி, ஈரத்துணி மூடிப் புளிக்கவைத்தார். இங்கேதான் சிக்கல். புளிப்பு எப்போது போதும் என்பதை மூக்குதான் சொல்லும். அந்த மூக்கு அவரிடம் இல்லை. அது டீமேக்கர் ஜெயகுமாரிடம் இருந்தது.

ஜெயகுமார் தொழிற்சாலையில் யேசுரத்தினத்தின் பழைய மேலதிகாரி. தேயிலை பதமாவதை மூக்கால் கணிக்கிறவர். தடிமன் பிடித்து மூக்கடைத்த நாட்களில் லீவு போட்டுவிடுவார், மூக்கு இல்லாமல் தொழிற்சாலைக்கு வருவது கண்ணில்லாமல் கார் ஓட்டுவது என்பார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவரை யேசுரத்தினம் கொட்டகைக்குக் கூட்டிவந்தார்.

"ஐயா, ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லணும்."

"எத?"

யேசுரத்தினம் துணியை விலக்கினார்.

"யேசுரத்தினம், இது மண்ணு."

"கொழுந்துன்னு நெனச்சுக்குங்க ஐயா."

"நா நெனச்சாலும் மூக்கு நெனைக்காது."

ஆனாலும் ஜெயகுமார் சுற்றிலும் பார்த்தார். ரோஸியைத் தவிர யாருமில்லை. காற்சட்டையை இழுத்துவிட்டு முட்டி போட்டார். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, இரண்டு உள்ளங்கையாலும் மூடி, மூக்கை அதற்குள் விட்டு இழுத்தார். கண்கள் தாமாக மூடின. ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"இன்னும் இருபது நிமிசம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது நிமிடம் எழுந்து மறுபடி முகர்ந்து, "இப்ப. இப்பத் தள்ளு அடுப்புல" என்றார்.

"கோப்ப இன்னும் வனையலீங்களே."

"என்னாய்யா ஆளு நீ. போயிரும்யா பதம். சரி, நீ வனஞ்சு முடி. வாசத்த நா புடிச்சு வச்சுக்கிறேன்."

சொன்னபடி மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டார். யேசுரத்தினத்தின் கை அப்படி ஓடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஏழு நிமிடத்தில் ஒரு கோப்பை, பிடியோடு, வனைந்து முடிந்தது. இரண்டாவதைத் தொடப் போகும்போது டீமேக்கரின் முகம் கத்தரிக்காய் நிறமாகியிருந்ததால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறைச் சுட்ட சாம்பலோடு, தோட்டத்தில் மலைக்குப் போடுகிற டொலமைட் சுண்ணாம்பைக் கரைத்து மேலே பூசினார். பூசிய ஈரம் உலர வேண்டுமே என்று கேட்காதீர்கள். ஜெயகுமார் பிடித்துவைத்திருந்த மூச்சை அதன் மேல்தான் விட்டார். உலர்ந்துவிட்டது.

சூளைக்கும் மிலாறுதான் விறகு. யேசுரத்தினம் உள்ளங்கையை நீட்டி, கண்ணை மூடி, சூடு பார்த்துப் பார்த்துத் தள்ளினார். அந்த வேலையில் அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காலையில் ரோஸி எழும்பவில்லை. கால்மாற்றிக் கால்மாற்றிப் படுத்தாள். செசிலி அவளைப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள். "மாட்டு டொக்டரக் கூட்டியாறேன். வந்ததும் கோப்பையப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஏழரை பஸ்ஸில் பசறைக்குப் போனாள்.

எட்டு மணிக்குச் சூளை திறந்தது. கோப்பை முழுசாக இருந்தது. வெளியே வெல்லப்பாகு நிறம், பிடிக்குப் பக்கத்தில் லேசான பச்சை, விளிம்பில் சாம்பல் உருகி வழிந்த ஒரு வெள்ளைக் கோடு. யேசுரத்தினம் அதை இரண்டு கையாலும் எடுத்துச் சுவரில் வைத்துக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். அரை மணி நேரம் அடியில் விரல் வைத்துப் பார்த்தார். ஈரமில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு, சூடும் தாங்குகிறதா என்று பார்க்க வெறும் வெந்நீர் ஊற்றினார்.

வெந்நீர் சிவந்தது.

முதலில் விளிம்பில் ஒரு நூல் மாதிரி, பிறகு நடு வரைக்கும். ஆவியோடு சேர்ந்து வாசம் வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெயகுமார் ரோட்டிலேயே நின்று, மூக்கை உயர்த்தி, அது இழுத்த திசையில் மதிலேறிக் குதித்து வந்தார். கோப்பையை வாங்கி உதட்டில் வைத்து, தொழிற்சாலையில் ருசி பார்க்கிறபோது செய்வதுபோல உர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பலாமரத்துப் பக்கம் துப்பினார்.

"நல்ல நெறம். நல்ல காரம். கடைசியில கொஞ்சம் மண் வாசம் வருது" என்றார். பிறகு, "இன்னொண்ணு ஊத்து. இந்தத் தடவ துப்ப மாட்டேன்."

அத்தனை சூட்டில் மண்ணுக்குள் இருக்கும் தேயிலை கருகிப் போகாதா என்று பதுளையில் ஒரு கடை முதலாளி கேட்டாராம். வாட்டி, உருட்டி, புளிக்கவைத்த தேயிலை சூட்டுக்குத்தானே காத்திருக்கிறது. அதற்கு மேல் அவருக்கு விளக்க முடியவில்லை.

செய்தி மேல் லயத்துக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம், கீழ் லயத்துக்கு மூன்று. வெந்நீர்ப் போத்தலோடு ஆட்கள் வந்தார்கள். தாஸிம் சவாரியோடு வந்து, சவாரியையும் இறக்கி வரிசையில் நிறுத்தினான். வெந்நீர் ஊற்றினால் பிளேன்டீ. பால் ஊற்றினால் பால் தேத்தண்ணி. ஒருத்தர் சந்தேகத்தில் ரசம் ஊற்றிப் பார்த்தார். அதுவும் தேத்தண்ணியாகத்தான் வந்தது, மிளகு மட்டும் போகவில்லை. யேசுரத்தினம் வாளி மேல் உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவருக்காக யாரும் வரிசையில் நின்றதில்லை. அந்தச் சந்தோசத்தில்தான் அவர் கோப்பையைக் கவனிக்கத் தவறினார்.

இருபத்து மூன்றாவது ஆள் குடித்துவிட்டு, "என்னண்ணே, சாயம் வெளுத்திருக்கு" என்றான். யேசுரத்தினம் கோப்பையை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். மறுபக்கத்தில் தன் விரல்கள் நிழலாகத் தெரிந்தன. கோப்பையின் உடம்பில் பாதி தேயிலை. அந்தப் பாதி இருபத்து மூன்று பேர் வயிற்றுக்குள் போய்விட்டது.

"போதும். எல்லாரும் போங்க" என்றார்.

"அண்ணே, எனக்கு ஒரு வாய்" என்றான் தாஸிம்.

"உனக்கு மூணு குடுத்தாச்சு."

"மூணாவது வெறும் சுடுதண்ணிண்ணே."

"அப்ப நீ குடிச்சது என் கொட்டகைடா" என்றார் யேசுரத்தினம். அவர் குரலைக் கேட்டு எல்லாரும் வெளியே போய் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். கோப்பை இப்போது அவ்வளவு லேசாகிவிட்டது, காற்று அடித்தால் சுவரில் நகர்ந்தது. பறந்துவிடாமல் உள்ளே ஒரு நெல்லிக்காயைப் போட்டு, கையால் சுற்றி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி பஸ்ஸின் சத்தம் வளைவில் கேட்டது.

செசிலி தனியாகத்தான் வந்தாள். டொக்டர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாராம். பலாமரத்தடியில் ரோஸியிடமிருந்து கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்துவிட்டிருந்தன. செசிலி கையைக் கழுவினாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், மண்டியிட்டாள். யேசுரத்தினம் கோப்பையை விட்டுவிட்டு ரோஸியின் தலையைப் பிடிக்க ஓடினார். கால் மணி நேரத்தில் கன்று மண்ணில் கிடந்தது, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கிடாரி. ரோஸி திரும்பி அதை நக்கத் தொடங்கினாள்.

செசிலி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கன்னு போட்டாச்சு. எங்க கோப்ப?"

யேசுரத்தினம் நெல்லிக்காயை எடுத்துவிட்டு, போத்தலில் மிச்சமிருந்த வெந்நீரை மெதுவாக, விளிம்போடு ஒட்டி, முக்கால் கோப்பைக்கு ஊற்றினார். அது சிவக்க நேரம் எடுத்தது. கடைசியில் வைக்கோல் நிறத்துக்கு வந்து நின்றது.

செசிலி எட்டிப் பார்த்தாள். "தேயில போடலையா?"

"போட்டாச்சு. நேத்து."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோப்பையின் அடியைத் தடவினாள், ஈரமில்லை. கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முதல் மிடறு குடித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருபத்து மூன்று பேரும் மூச்சு விடவில்லை; ஜெயகுமாருக்கு அது பழக்கம். இரண்டாவது மிடறில் கோப்பையின் சுவர் வெங்காயத்தோல் ஆனது. அதன் வழியாக அவளுடைய மூக்குத்தி தெரிந்தது. மூன்றாவது, நாலாவது. செசிலி நிறுத்தாமல், அவசரப்படாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். குடித்துக் கையை இறக்கியபோது அவள் விரலில் பிடி மட்டும் இருந்தது. கோப்பை இல்லை. சேலையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

அவள் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது.

"சீனி இல்ல" என்றாள் செசிலி.

யேசுரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். செங்கல்லைப் பிரிக்க யாரைக் கூப்பிடலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஆனா ஒழுகல்ல."

அவர் நிமிரவில்லை. காது சரியாகக் கேட்டதா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"நடுவுல தட்டி ஒண்ணு கட்டுங்க. இந்தப் பக்கம் ரோஸியும் கன்னும், அந்தப் பக்கம் நீங்க. மழைக்குச் சூளச்சூடு கன்னுக்கு நல்லது." எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, பிடியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அடுத்த கோப்ப கொஞ்சம் பெருசா செய்ங்க. காலையில எனக்கு முக்காக் கோப்ப பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியுந்தானே."

யேசுரத்தினம் அன்று பின்னேரமே மூங்கில் வெட்டி வந்து தட்டி கட்டினார். அவர் கட்டிக்கொண்டிருக்க, செசிலி தட்டிக்கு அந்தப் பக்கத்தில் கன்றுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டு, எந்தப் பக்கம் கோணல் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

விட்டுப்போனது ஒன்று: யேசுரத்தினம் கல்யாணமே செய்துகொள்ளாதவர். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.